வெளிநாட்டு வர்த்தக அலுவலகத்துக்குக் கட்டடத்தை வாடகைக்கு விடலாமா?

மாடிவீடு

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் அவசரமாக ஒரு விஷயம் கேட்க வேண்டும்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் அப்பா கட்டிய இரண்டு மாடிக் கட்டடம் இருக்கிறது. அப்பா போன பிறகு அம்மாவுக்கு வருமானம் என்றால் அந்த வாடகைதான். இத்தனை வருடம் ஒரு டிராவல்ஸ் நிறுவனம் இருந்தது. அவர்கள் காலி செய்து நாலு மாதம் ஆகிறது. போன வாரம் புரோக்கர் ஒரு வெளிநாட்டின் வர்த்தக அலுவலகத்திலிருந்து இரண்டு பேரை அழைத்து வந்தார். எந்த நாடு என்று இங்கே சொல்ல விரும்பவில்லை. மரியாதையாகப் பேசினார்கள். கட்டடம் பிடித்திருக்கிறது, ஐந்து வருட ஒப்பந்தம் வேண்டும் என்கிறார்கள். வாடகையும் நாங்கள் நினைத்ததைவிட அதிகம்.

"எம்பசி மாதிரி சார், ஒண்ணாம் தேதி டாண்ணு பணம் வந்துடும்" என்கிறார் புரோக்கர். அண்ணனின் ஆடிட்டர் நேர்மாறாகச் சொல்கிறார்: "நாளைக்கு வாடகை தரலேன்னா அவங்க மேல கேஸ் போட முடியாது. போலீஸ்கூட உள்ளே நுழைய முடியாது. யோசிச்சுச் செய்யுங்க."

இரண்டில் எது உண்மை? வர்த்தக அலுவலகம் என்றால் தூதரகம்தானா? சொத்து வரி யார் கட்டுவது, ஜிஎஸ்டி போடலாமா, டிடிஎஸ் பிடிப்பார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் அம்மாவிடம் தைரியமாக ஒரு பதில் சொல்வேன்.

கறுப்புக்கோட்டு

சார், ஆடிட்டர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி அந்த அலுவலகம் யாருடையது என்பதைப் பொறுத்தது. முதலில் அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"வர்த்தக அலுவலகம்" என்ற பெயர்ப்பலகைக்கு மட்டும் சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது. அதே பெயரில் நாலு விதமான அலுவலகங்கள் ஓடுகின்றன. ஒன்று, தூதரகம் அல்லது துணைத் தூதரகத்தின் ஒரு பிரிவாகவே இருப்பது; அதன் தலைவருக்குத் தூதரகப் பதவி இருக்கும். இரண்டாவது, அந்நாட்டின் சட்டத்தால் உருவான தனி அமைப்பு. ஜப்பானின் ஜெட்ரோ, கொரியாவின் கோட்ரா போன்றவை இந்த இனம். இரண்டுக்கும் சென்னையில் அலுவலகம் உண்டு. மூன்றாவது, தொழில் வர்த்தக சபைகள். இந்தோ-ஜெர்மன் வர்த்தக சபை 1956 முதல் இங்கே இருக்கிறது, அது உறுப்பினர்களால் நடப்பது. நாலாவது, தனியார் கம்பெனியின் தொடர்பு அலுவலகம். இதற்கு எந்த விலக்குரிமையும் (வழக்கு, வரி போன்றவற்றிலிருந்து தூதரகங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு) இல்லை.

முதல் வகை என்றால் தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கை வரும். துணைத் தூதரகம் என்றால் 1963 உடன்படிக்கை. முதலாவதை இந்தியா 1972-இல் தனிச் சட்டமாகவே கொண்டுவந்தது. அதன் 22-ஆவது விதிப்படி தூதரக வளாகத்துக்குள் தலைவரின் சம்மதம் இல்லாமல் நம் அதிகாரிகள் நுழைய முடியாது. கோர்ட் அமீனாவுக்கும் அதே விதிதான்.

உங்களுக்கு இன்னும் முக்கியமானது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 86-ஆவது பிரிவு. வெளிநாட்டு அரசின் மேல் வழக்குப் போட மத்திய அரசின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்கிறது அது. இதில் என்னை இத்தனை வருடமாக உறுத்தும் ஒரு விஷயம் உண்டு. வெளிநாட்டு அரசு வீட்டுக்காரராகவும் நம் ஆள் குடியிருப்பவராகவும் இருந்தால், குடியிருப்பவர் அனுமதி இல்லாமலே வழக்குப் போடலாம். பிரிவிலேயே அந்த விதிவிலக்கு எழுதியிருக்கிறது. திருப்பிப் போட்டால், அதாவது நம் ஆள் வீட்டுக்காரர், வெளிநாட்டு அரசு வாடகைதாரர் என்றால், அப்படி ஒரு விதிவிலக்கு இல்லை. நீங்கள் டெல்லிக்கு எழுதித்தான் ஆக வேண்டும். வழக்கில் ஜெயித்தாலும் அவர்கள் சொத்தின் மேல் தீர்ப்பை நிறைவேற்ற இன்னொரு அனுமதி வேண்டும்.

மாடிவீடு

அனுமதி கேட்டால் கொடுப்பார்களா சார்? யாராவது வாங்கியிருக்கிறார்களா?

கறுப்புக்கோட்டு

கேட்டவர்கள் உண்டு. டெல்லியில் அல்ஜீரியத் தூதரகத்துக்குப் பழுதுபார்ப்பு வேலை செய்து கொடுத்த ஹர்பஜன் சிங் தல்லா என்பவர் பணம் வராமல் அனுமதி கேட்டார். அரசியல் காரணங்களுக்காக அனுமதிக்க முடியாது என்று வெளியுறவு அமைச்சகம் ஒரே வரியில் மறுத்துவிட்டது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986-இல் தீர்ப்பு வந்தது: அப்படிக் காரணம் சொல்லாமல் மறுக்கக் கூடாது, மனுதாரரைக் கேட்டுவிட்டு மறுபடி முடிவெடுங்கள் என்று. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த மனிதரின் நிலையை யோசித்துப் பாருங்கள். வழக்கு நடத்தும் உரிமைக்கே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பாக்கிப் பணத்தைப் பற்றிய விசாரணை அதன் பிறகுதான் தொடங்கவே முடியும்.

அதற்கும் முன்னால் 1965-இல் ஒன்று. கல்கத்தாவில் தேயிலை வியாபாரம். வாங்கியது எகிப்து அரசின் பொருளாதார அமைச்சகத்தைச் சேர்ந்த இறக்குமதித் துறை. ஒப்பந்தம் முறிந்ததும் விற்றவர் மிர்சா அலி அக்பர் கஷானி நஷ்டஈடு கேட்டார். சுத்தமான வியாபாரம், இதில் அரசுரிமை எங்கே வந்தது என்றுதான் அவர் தரப்பு வாதம். 86-ஆவது பிரிவின் அனுமதி இல்லாததால் வழக்கு செல்லாது என்றது உச்ச நீதிமன்றம்.

பேரேடு

நான் ஆடிட்டர். வரி சம்பந்தமான கேள்விகளுக்கு நான் பதில் சொல்கிறேன்.

சொத்து வரியை நீங்கள்தான் கட்ட வேண்டும். இதில் பலரும் ஏமாறுகிறார்கள். வியன்னா உடன்படிக்கையின் 23-ஆவது விதி, தூதரக வளாகம் சொந்தமானாலும் வாடகையானாலும் அந்த நாட்டுக்கு வரி கிடையாது என்று சொல்லும். புரோக்கர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த உட்பிரிவு, அவர்களோடு ஒப்பந்தம் செய்யும் உள்ளூர்க்காரர் சட்டப்படி கட்ட வேண்டிய வரிக்கு இந்த விலக்குப் பொருந்தாது என்று தெளிவாகச் சொல்கிறது. மாநகராட்சிக்கு நீங்கள் உரிமையாளர், அவ்வளவுதான். குப்பை, தண்ணீர் மாதிரி குறிப்பிட்ட சேவைக்கான கட்டணத்தை அவர்களும் கொடுத்தாக வேண்டும். வரி உயர்ந்தால் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தச் சொத்து வரி விஷயத்தில் நம் நாடே எதிர்த்தரப்பில் நின்றிருக்கிறது. நியூயார்க்கில் ஐ.நா.வுக்கான இந்தியப் பிரதிநிதித்துவ அலுவலகத்துக்கு 26 மாடிக் கட்டடம் உண்டு. சில மாடிகள் அலுவலகம், சுமார் 20 மாடிகள் ஊழியர் குடியிருப்பு. குடியிருப்புப் பகுதிக்கு வரி உண்டு என்று நகரம் கேட்டது. 2003 கணக்கில் வட்டியோடு சுமார் 1 கோடியே 64 லட்சம் டாலர். மங்கோலியாவும் இதே வழக்கில் இருந்தது. விலக்குரிமை இருப்பதால் வழக்கே போடக் கூடாது என்றது இந்தியா. 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, நகரம் வழக்கை நடத்தலாம் என்றது. ஆனால் 2009-இல் அமெரிக்க வெளியுறவுத் துறையே இத்தகைய ஊழியர் குடியிருப்புகளுக்கு வரி விலக்கு அறிவித்தது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவுக்கு வெளிநாடுகளில் எத்தனை கட்டடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று புரியும். இங்கே கேட்டால் அங்கே கேட்பார்கள். இந்தத் துறையில் எல்லாமே மொய் எழுதுவது மாதிரிதான். நீ வைத்ததை அவன் திருப்பி வைப்பான்.

ஜிஎஸ்டிக்கு வருகிறேன். நீங்கள் பதிவு பெற்றவர் என்றால் வணிக வாடகைக்கு 18 சதவீதம் போட்டுத்தான் பில் கொடுக்க வேண்டும். "எங்களுக்கு விலக்கு இருக்கிறது, வரி போடாதீர்கள்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தூதரகங்களுக்கு யுஐஎன் என்று ஒரு தனி அடையாள எண் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் முதலில் வரியைக் கட்டிவிட்டு, பிறகு அந்த எண்ணை வைத்து அரசிடம் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பில்லில் அந்த எண்ணைக் குறிப்பிடுவது மட்டும்தான் உங்கள் வேலை. அந்த எண் அவர்களிடம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். புரோக்கர் சொன்ன "எம்பசி மாதிரி" எவ்வளவு தூரம் உண்மை என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

டிடிஎஸ் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வாடகை வருமானத்துக்கு உங்கள் அம்மா வரி கட்ட வேண்டும். பிடிக்காத பட்சத்தில் முன்கூட்டி வரியைத் தவணை தவறாமல் கட்டுங்கள், இல்லையென்றால் வட்டி ஏறும்.

பழைய ஊழியை

இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஒரு நாட்டின் வர்த்தக அலுவலகத்தில் உள்ளூர் ஊழியராகப் பதினோரு வருடம் இருந்தேன். பெயர் வேண்டாம்.

வீட்டுக்காரருக்காவது சாவி கையில் இருக்கிறது. எங்களுக்கு அதுவும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் அந்த நாட்டிலிருந்து வந்தவர்களின் சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது. எனக்கும் டிரைவருக்கும் உண்டு. பக்கத்து மேஜையில் அதே வேலையைச் செய்பவருக்கு வரி இல்லை, எனக்கு இருக்கிறது என்பதை ஆரம்பத்தில் ஜீரணிக்கவே கஷ்டமாக இருந்தது. வருமான வரி பிடிக்கவும் இல்லை, பி.எஃப். என்ற பேச்சும் இல்லை. நானே ஆடிட்டர் வைத்துக் கட்டினேன்.

ஒரு நாள் பட்ஜெட் குறைப்பு என்றார்கள். ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கிராஜுவிட்டி கேட்டேன், எங்கள் நாட்டு விதியில் அது இல்லை என்றார்கள். லேபர் ஆபீஸில் என் மனுவை வாங்கவே தயங்கினார்கள். ஒரு வக்கீல் 86-ஆவது பிரிவை எடுத்துக் காட்டினார். என் அப்பா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் விட்டுவிட்டேன்.

பேரேடு

படிக்கவே வருத்தமாக இருக்கிறது அக்கா. சம்பள வித்தியாசத்துக்குச் சட்டத்தில் இருக்கும் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1961 வருமான வரிச் சட்டத்தின் 10(6)(ii) பிரிவில் தூதரகம், துணைத் தூதரகத்தோடு "வெளிநாட்டு அரசின் வர்த்தகப் பிரதிநிதித்துவம்" என்ற வார்த்தையும் இருந்தது. அங்கே வேலை செய்பவரின் சம்பளத்துக்கு விலக்கு. ஆனால் இரண்டு பூட்டுப் போட்டிருந்தார்கள். வர்த்தக ஆணையருக்கு விலக்குக் கிடைக்க வேண்டும் என்றால், அவர் நாட்டில் இருக்கும் நம் அதிகாரிக்கும் அதே விலக்கு இருக்க வேண்டும். மற்ற ஊழியர்கள் அந்த நாட்டின் குடிமக்களாக இருக்க வேண்டும், இங்கே வேறு தொழிலோ வேலையோ பார்க்கக் கூடாது. இந்தியக் குடிமக்களான நீங்கள் அந்த இரண்டாவது பூட்டுக்கு வெளியே நின்றீர்கள்.

தேம்ஸ்கரை

லண்டனிலிருந்து எழுதுகிறேன். அக்காவின் கதை மாதிரி இங்கே ஒரு வழக்கு 2017-இல் உச்ச நீதிமன்றம் வரை வந்தது. சூடான், லிபியத் தூதரகங்களில் வீட்டு வேலை பார்த்த இரண்டு பெண்கள். தூதரகத்தில் வேலை பார்த்தவர் என்ற ஒரே காரணத்தால் கோர்ட் கதவை மூடுவது மனித உரிமைக்கு முரண் என்று தீர்ப்பு வந்து, பிற்பாடு சட்டத்தையே திருத்தினார்கள். வர்த்தக அலுவலக ஊழியர்களும் இதே மாதிரிக் கேட்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வர்த்தக அலுவலகம் என்றதும் இங்கே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஹாங்காங். அது ஒரு நாடே இல்லை. ஆனாலும் 1997-இல் சீனாவிடம் ஒப்படைப்பதற்கு முந்திய வருடமே பிரிட்டன் அதன் பொருளாதார, வர்த்தக அலுவலகத்துக்கென்று தனியாக ஒரு சட்டம் போட்டது. ஏறக்குறைய துணைத் தூதரகத்துக்கு உள்ள பாதுகாப்பு, வரிச் சலுகை எல்லாம் அதில் வந்தது. அமெரிக்காவிலும் 1997 ஜூனில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, வாஷிங்டன், நியூயார்க், சான்பிரான்சிஸ்கோ என மூன்று அலுவலகங்களுக்கு விலக்குரிமை கொடுத்தது. சர்வதேச அமைப்புகளுக்கென்று 1945-இல் எழுதிய சட்டத்தை, சர்வதேச அமைப்பே அல்லாத ஒன்றுக்கு நீட்டிக்க வேண்டியிருந்ததால்தான் இந்தத் தனி ஏற்பாடு.

கொடுத்தபோது ஹாங்காங் தனி வர்த்தகப் பகுதி, தனிச் சட்டம், தனி நீதிமன்றம் என்ற நம்பிக்கை இருந்தது. 2020-இல் சீனா கொண்டுவந்த பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. 2024 மே மாதம் லண்டன் அலுவலகத்தின் மேலாளர் ஒருவர் மேல் ஹாங்காங் உளவுத்துறைக்கு உதவியதாக இங்கே குற்றச்சாட்டுப் பதிவானது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கக் கீழவை, தகுதி இல்லை என்று அதிபர் முடிவு செய்தால் அந்த அலுவலகங்களை மூடலாம் என்ற மசோதாவை 413-க்கு 3 என்ற கணக்கில் நிறைவேற்றியது. அந்த அவைக் காலத்தில் அது செனட்டைத் தாண்டவில்லை. நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு சட்டத்தால் வந்த விலக்குரிமை இன்னொரு சட்டத்தால் போய்விடும். அப்போது அங்கே ஐந்து வருட ஒப்பந்தம் போட்ட வீட்டுக்காரர் யாரிடம் போவார்? உங்கள் ஒப்பந்தத்திலும் அவர்களின் தகுதி மாறினால் என்ன என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

ஒரகடம் லேத்

நாங்கள் ஒரகடத்தில் தைவான் கம்பெனிகளுக்கு உதிரிப் பாகம் செய்கிறோம். அதனால் ஒரு சந்தேகம். இந்தியா தைவானைத் தனி நாடாக அங்கீகரிக்கவில்லை. ஆனால் தைபே பொருளாதார, பண்பாட்டு மையம் டெல்லியில் 1995-இலும் சென்னையில் 2012-இலும் திறந்தார்கள். விசாவுக்கு அங்கேதான் போகிறோம். சட்டப்படி அது என்ன?

கறுப்புக்கோட்டு

நல்ல கேள்வி. 86-ஆவது பிரிவு "வெளிநாட்டு அரசு" என்கிறது. அது என்ன என்று 87-ஏ பிரிவு விளக்குகிறது: மத்திய அரசு அங்கீகரித்த நாடு மட்டுமே. ஆகவே அங்கீகாரம் இல்லாத இடத்தில் 86-ஆவது பிரிவின் கேடயம் தானாக வந்து ஒட்டாது. வேறு ஏற்பாடு செய்து கொடுத்தால்தான் உண்டு.

அந்த வேறு ஏற்பாடுகள் எப்படி இருக்கும் என்பதற்கு வரிச் சட்டத்திலேயே ஒரு அழகான உதாரணம் இருக்கிறது, பேரேடு சார் சொல்லட்டும்.

பேரேடு

1961 வருமான வரிச் சட்டத்தின் 90-ஏ பிரிவு. இரண்டு அரசுகள் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் போட்டால் அது அந்தச் சட்டத்தின் 90-ஆவது பிரிவில் வந்தது. அரசும் அரசும் கையெழுத்துப் போட முடியாத இடத்தில், இங்கே ஒரு சங்கமும் அங்கே ஒரு சங்கமும் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தை அரசு ஏற்று அறிவிக்கலாம் என்பதற்காக 90-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். தைபேயில் இருக்கும் இந்தியா-தைபே சங்கமும் டெல்லியில் இருக்கும் தைபே மையமும் 2011 ஜூலையில் அப்படித்தான் கையெழுத்திட்டன. உங்கள் தைவான் வாடிக்கையாளர் ஒருவர் ராயல்டிக்கு எத்தனை சதவீதம் பிடிக்க வேண்டும் என்று கேட்டால், பதில் இரண்டு "சங்கங்கள்" எழுதிய தாளில் இருக்கிறது.

தேம்ஸ்கரை

அமெரிக்காவும் தைவானை இதே மாதிரிதான் வைத்திருக்கிறது. 1979-இல் உறவை முறித்துக்கொண்ட கையோடு தைவான் உறவுகள் சட்டம் போட்டார்கள். தூதரகத்துக்குப் பதில் வாஷிங்டனில் பதிவான லாப நோக்கமற்ற ஒரு நிறுவனம். சலுகைகளுக்கு 1980-இல் தனி ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தம் எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்று 2011 நவம்பரில் தெரிந்தது. கான்சாஸ் சிட்டியில் இருந்த தைபே அலுவலகத்தின் தலைவரை எஃப்.பி.ஐ. கைது செய்தது. பிலிப்பைன்ஸிலிருந்து வரவழைத்த வீட்டுப் பணிப்பெண்ணுக்கு ஒப்பந்தப்படி மாதம் 1,240 டாலர். கொடுத்ததோ 400 முதல் 450 வரை. பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்திருந்தார். விலக்குரிமை உண்டு என்று தைவான் முதலில் வாதிட்டது. அலுவலகக் கடமை சார்ந்த செயலுக்கு மட்டும்தான் அது, வீட்டு வேலைக்காரரை ஏமாற்றுவது கடமை அல்ல என்றது அமெரிக்கா. குற்றத்தை ஒப்புக்கொண்டு, சுமார் 80,000 டாலர் திருப்பிக் கொடுத்து, 2012 தொடக்கத்தில் நாடு கடத்தப்பட்டார். அடுத்த வருடம் பழைய ஒப்பந்தத்துக்குப் பதில் புதிது போட்டார்கள்.

2013 டிசம்பரில் வீட்டு வேலைக்காரரின் சம்பள விவகாரத்தில் நியூயார்க்கில் கைதான நம் துணைத் தூதர் தேவயானி கோப்ரகடே விஷயத்திலும் இதே கேள்விதானே. துணைத் தூதரகத்துக்காரருக்குக் கடமைச் செயலுக்கு மட்டும் பாதுகாப்பு. நம் ஊரில் அவருக்காகக் கோபப்பட்டவர்கள் ஏராளம். அந்த வீட்டு வேலை செய்த பெண்ணுக்காகப் பேசியவர்கள் மிகக் குறைவு. அது எனக்கு இன்றுவரை மனசை உறுத்துகிறது.

ஏட்டுச்சுவடி

வரலாற்று ஆசையில் ஒரு குறுக்கீடு, மன்னிக்கவும். ஆனால் மாடிவீடு சாருக்கு உபயோகப்படும்.

லண்டனில் மூர்கேட் தெரு, 49-ஆம் எண். 1920-களில் அந்த ஒரே கட்டடத்தில் இரண்டு அமைப்புகள் இருந்தன. ஒன்று, சோவியத் வர்த்தகத் தூதுக்குழு. 1921 மார்ச்சில் போட்ட வர்த்தக ஒப்பந்தத்தால் அதன் தலைவருக்கும் அவருடைய ரகசியத் தந்திகளுக்கும் பாதுகாப்பு இருந்தது. இன்னொன்று ஆர்கோஸ். சோவியத்துக்காக வாங்கி விற்ற கம்பெனி, ஆனால் பிரிட்டிஷ் சட்டப்படி பதிவான சாதாரணக் கம்பெனி. ஒரே வாசல், ஒரே படிக்கட்டு, ஊழியர்களும் கலந்தே இருந்தார்கள். ராணுவ ரகசியத் தாள் ஒன்று உள்ளே இருக்கிறது என்று 1927 மே 12 அன்று போலீஸ் நுழைந்து நாள்கணக்கில் பெட்டகங்களை உடைத்துத் தேடியது. ஆர்கோஸுக்கு விலக்குரிமை இல்லை என்பது போலீஸ் தரப்பு. நீங்கள் திறந்தது தூதுக்குழுவின் அறை என்பது சோவியத் தரப்பு. தேடிய தாள் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த மாதமே பிரிட்டன் ராஜதந்திர உறவை முறித்தது.

ஒரு கட்டடத்தில் எந்த அறை யாருடையது என்று எழுதி வைக்காததால் வந்த வினை அது. உங்கள் இரண்டு மாடியில் ஒன்று அலுவலகம், இன்னொன்று அந்த நாட்டுக் கம்பெனிகளுக்கு உள்வாடகை என்று வந்தால் சும்மா விடாதீர்கள். தரைப்படம் போட்டு ஒப்பந்தத்தோடு சேருங்கள்.

மாடிவீடு

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. அம்மாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பழைய ஊழியை அக்காவின் பதிவைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அந்தப் பொண்ணுக்கே அப்படின்னா நமக்கு?" என்றார்.

கறுப்புக்கோட்டு சார், நம்மைக் காப்பாற்றிக்கொள்ள வழியே இல்லையா?

கறுப்புக்கோட்டு

இருக்கிறது. 2011-இல் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைப்பாட்டைத் தளர்த்தியது. பம்பாயிலிருந்து அனுப்பிய சாயப் பொருள் தாமதமானதற்கு நஷ்டஈடு கேட்டவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போயிருந்தார். அரசுக்குச் சொந்தமான விமான நிறுவனமானாலும் வியாபாரம் செய்தால் 86-க்குப் பின்னால் ஒளிய முடியாது, நுகர்வோர் மன்றத்துக்கு அந்த அனுமதி தேவையில்லை என்றது. 1990-களில் கிழக்கு ஜெர்மனியின் அரசுக் கப்பல் நிறுவனத்துக்கு 86 பொருந்தும் என்று சொன்ன அதே நீதிமன்றம்தான்.

2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. ஆப்கானிஸ்தான் தூதரகக் கட்டட வேலை செய்த ஒப்பந்ததாரர் ஆர்பிட்ரேஷனில், அதாவது கோர்ட்டுக்கு வெளியே நடக்கும் நடுவர் விசாரணையில், ஜெயித்திருந்தார். அந்தத் தீர்ப்பை நிறைவேற்ற மத்திய அரசின் அனுமதி வேண்டாம், ஆர்பிட்ரேஷனுக்கு ஒப்புக்கொண்ட நாடு வியாபாரத் தகராறில் விலக்குரிமை பேச முடியாது என்றது. ஆகவே ஆர்பிட்ரேஷன் ஷரத்து போடுங்கள்.

மூன்றாம் வருட மாணவி

சார், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், நான் சட்டக் கல்லூரி மாணவி. ஒப்பந்ததாரருக்கு அது சரி. வாடகைக்குப் பொருந்துமா? 2020 டிசம்பர் வித்யா ட்ரோலியா தீர்ப்பில், தனி வாடகைச் சட்டமும் தனி மன்றமும் இருக்கும் இடத்தில் குடியிருப்புத் தகராறு ஆர்பிட்ரேஷனுக்குப் போகாது என்று சொல்லியிருக்கிறதே. தமிழ்நாட்டில் 2017 சட்டப்படி வாடகை நீதிமன்றம் இருக்கிறது.

கறுப்புக்கோட்டு

சபாஷ் அம்மா. நான் அவசரப்பட்டுவிட்டேன். நீங்கள் சொல்வதுதான் சரி. வாடகை பாக்கி, காலி செய்வது இரண்டுக்கும் அந்த ஷரத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. உள் அலங்கார வேலை, பராமரிப்பு இவற்றுக்குத் தனி ஒப்பந்தம் போட்டால் அதில் வைக்கலாம்.

அப்படியானால் வாடகைக்குப் பணம்தான் பாதுகாப்பு. 2017 சட்டம் மூன்று மாத அட்வான்ஸ் என்கிறது, ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அதிகமும் வாங்கலாம். சென்னையின் பழைய பத்து மாத வழக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். மாதா மாதம் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்பணமாக வாங்குங்கள். 86-இலேயே இன்னொரு வழி இருக்கிறது: அந்த நாடு தன் சலுகையைத் தானே விட்டுக்கொடுத்திருந்தால், அனுமதி கொடுக்க அது ஒரு காரணம். எனவே வழக்குக்கும் தீர்ப்பை நிறைவேற்றுவதற்கும் தனித்தனியாக விட்டுக்கொடுக்கும் வரிகளை எழுதி, கையெழுத்திடுபவருக்கு அதற்கு அதிகாரம் இருக்கிறது என்ற கடிதத்தையும் வாங்குங்கள். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய மறக்க வேண்டாம்.

மாடிவீடு

பத்து நாள் கழித்து வருகிறேன். நீங்கள் சொன்னபடி மூன்று கேள்வி எழுதி அனுப்பினேன்: வெளியுறவு அமைச்சகத்தின் அங்கீகாரக் கடிதம் இருக்கிறதா, யுஐஎன் இருக்கிறதா, கையெழுத்திடுபவர் யார்.

நேர்மையாகப் பதில் வந்தது. தூதரகத்தின் பகுதி இல்லையாம். அவர்கள் நாட்டுச் சட்டத்தால் உருவான வர்த்தக ஊக்குவிப்பு அமைப்பு, இங்கே ரிசர்வ் வங்கி அனுமதியோடு தொடர்பு அலுவலகம். யுஐஎன் இல்லை. ஜிஎஸ்டியோடு பில் கொடுங்கள், டிடிஎஸ் பிடித்துத்தான் கொடுப்போம் என்றும் எழுதியிருக்கிறார்கள். எட்டு மாத அட்வான்ஸ், மூன்று மாத முன்பணம் இரண்டுக்கும் சம்மதம். புரோக்கர்தான் எங்களிடமும் அவர்களிடமும் "எம்பசி" என்று சொல்லிவைத்திருக்கிறார்.

பேரேடு

நிம்மதி. தொடர்பு அலுவலகம் இங்கே சம்பாதிக்கக் கூடாது, செலவெல்லாம் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில்தான். சென்னை உட்படப் பல ஊர்களில் தொடர்பு அலுவலகம் வைத்திருந்த அமீரகப் பணப்பரிமாற்ற நிறுவனம் ஒன்று, அந்த அலுவலகங்கள் செய்தது துணை வேலை மட்டுமே, அதனால் இங்கே வரி இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. அந்த வரி அவர்கள் கவலை. உங்களுக்கு வேண்டியது ரிசர்வ் வங்கி அனுமதியின் நகல். அதற்குக் காலவரம்பு உண்டு. உங்கள் ஐந்து வருடத்துக்கு முன்னாலேயே முடிகிறதா என்று பாருங்கள்.

கறுப்புக்கோட்டு

அரசுச் சட்டத்தால் உருவான அமைப்பு என்பதால் விட்டுக்கொடுக்கும் வரிகளை எடுத்துவிடாதீர்கள். நாளைக்கு வேறு வக்கீல் வந்து "நாங்களும் அரசுதான்" என்பார். இப்போதே எழுதிவைத்தால் அந்த வாதத்துக்கு இடம் இருக்காது.

மாடிவீடு

அனுமதி இன்னும் இரண்டரை வருடம் இருக்கிறது. புதுப்பிக்காவிட்டால் ஆறு மாத வாடகை கொடுத்துக் காலி செய்ய வேண்டும் என்று சேர்த்திருக்கிறோம். வரும் வியாழக்கிழமை கையெழுத்து. அம்மாவும் வருகிறார்.

கடைசியாக ஒன்று. மொட்டை மாடியில் அவர்கள் நாட்டுக் கொடிக்கம்பம் நட அனுமதி கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கறுப்புக்கோட்டு

கொடி ஏற்றும் உரிமையை வியன்னா உடன்படிக்கையின் 20-ஆவது விதி தூதரக வளாகத்துக்குத்தான் கொடுக்கிறது. இவர்களுக்கு அது உரிமை அல்ல, நீங்கள் கொடுக்கும் அனுமதி. தாராளமாகக் கொடுங்கள். ஆனால் "இக்கொடிக்கம்பத்தால் இக்கட்டடம் தூதரக வளாகம் ஆகாது" என்று ஒரு வரி சேர்த்து, பக்கத்திலேயே இரு தரப்பும் சிறு கையொப்பம் போடுங்கள். கம்பம் நடத் தளத்தைத் துளைத்தால் மழைக்காலத்தில் ஒழுகும். அதைச் சரிசெய்யும் செலவு யாருடையது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.